அழிப்புக் குறி

"பால் இப்பத்தான் வெச்சேன், அஞ்சு நிமிஷம்" என்று சமையற்கட்டிலிருந்து தையல்நாயகி சொன்னபோது தணிகாசலம் வாயைத் திறந்திருக்கவே இல்லை. திறந்திருக்க முடியாது, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்ட கொட்டைப்பாக்கு இன்னும் இடது கன்னத்தில் அடங்கியிருந்தது. அவன் செய்ததெல்லாம் கூடத்து மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, வழக்கம்போல, தந்திப் பெட்டியில் தட்டிப் பழகிக்கொண்டிருந்ததுதான். ஞாயிற்றுக்கிழமை, மணி மூன்றே கால், மார்கழி வெயில் ஜன்னல் கம்பி வழியாக மேஜைமேல் கோடு கோடாக விழுந்திருந்தது, புத்தகத்து வாக்கியங்களைத் தட்டித் தட்டி அலுத்துப் போய், காப்பி ஞாபகம் வந்து, கை தன்பாட்டுக்கு 'காப்பி எங்கே மண்டு' என்று தட்டியது. தட்டி முடித்துக் கையை எடுத்தான். உள்ளேயிருந்து பதில் வந்தது. முதலில் அதில் விசேஷமாக ஒன்றும் படவில்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். சரி என்று பாக்கோடு முனகக்கூடச் செய்தான். அதற்கப்புறம்தான், யாரிடமும் எதுவும் கேட்கவில்லையே என்பது உறைத்தது. உறைத்ததும், பாக்கைக் கடிக்கவும் மறந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

தற்செயல், வேறென்ன. ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்கு அவனுக்குக் காப்பி என்பது தெருவுக்கே தெரியும், கட்டிய பெண்டாட்டிக்குத் தெரியாதா? நாற்காலி கிறீச்சிட்டிருக்கும், எழுந்து வரப்போகிறான் என்று நினைத்திருப்பாள், அவளாகவே ஒரு சமாதானம் சொல்லி வைத்திருப்பாள். ஆனால் நாற்காலி கிறீச்சிடவில்லை. அது அவனுக்குத் தெரியும். போதாக்குறைக்கு உள்ளே பம்ப் ஸ்டவ் வேறு உஸ்ஸென்று இரைந்துகொண்டிருக்கிறது, அந்த இரைச்சலில் நாற்காலியாவது மண்ணாவது. அப்படியானால் தந்திப் பெட்டியின் பஸ்ஸர் சத்தமும் கேட்டிருக்காதே என்று ஒரு நிமிஷம் தெம்பு வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது, ஏனென்றால் இந்தச் சனியன் பிடித்த பஸ்ஸர் எந்த இரைச்சலையும் துளைத்துக்கொண்டு போகும் என்று பக்கத்துப் போர்ஷன்காரரே இரண்டு தடவை வந்து சண்டை போட்டுவிட்டுப் போயிருக்கிறார். கீ என்கிற பித்தளைக் கைப்பிடியை அழுத்தினால் பஸ்ஸர் கத்தும், விட்டால் நிற்கும். ஒரு பலகை, இரண்டு டார்ச் லைட் பாட்டரி, ஒரு சுருள் கம்பி, சுவரில் மாட்ட ஓர் அட்டை, முப்பத்திரண்டு பக்கத்தில் ஒரு புத்தகம். வாரப் பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து எழுதிப்போட்டு ஆனி மாதம், தபால்காரரிடம் பணம் கட்டி வாங்குகிற வி.பி.பி.யில் வந்தது. 'வீட்டிலிருந்தே தந்தி பழகலாம். ஆசிரியர் தேவையில்லை. ஆறே மாதம்.' அரக்கோணத்தில் ஒரு லாரி ஆபீஸில் பார்சல் ரசீது எழுதியே கிழவனாகிவிடுவோமோ என்ற பயத்தில் இருந்தவனுக்கு அந்த 'ஆறே மாதம்' ரொம்பப் பிடித்துப்போயிற்று. தை மாதம் பரீட்சை. அதில் தேறினால் தந்தி ஆபீஸ், மின்விசிறிக்குக் கீழே உத்தியோகம், பெயருக்குப் பின்னால் ஒரு மரியாதை.

மண்டு என்பதும் கேட்டிருக்குமோ? காப்பி எங்கே என்பதற்குத்தான் பதில் வந்தது, மண்டுவுக்கு வரவில்லை. அதுவரைக்கும் கேட்டு, மண்டு வருவதற்குள் டம்ளரைக் கழுவப் போயிருக்கலாம். இதென்ன பைத்தியக்கார யோசனை, அவளுக்குத்தான் தந்தி தெரியாதே. எட்டாங்கிளாஸ். இங்கிலீஷ் எழுத்தை வேண்டுமானால் கூட்டிப் படிப்பாள். தந்திக்கு இங்கிலீஷ் எழுத்துதான். தமிழ் வார்த்தையை அந்த எழுத்தில் கோத்துத்தான் அவன் தட்டுகிறான், அவளும் ஊருக்குக் கடிதம் எழுதினால் விலாசத்தை இங்கிலீஷில் அவளேதான் எழுதுகிறாள். அதை நினைத்ததும் கண் தானாக எதிர்ச் சுவருக்குப் போயிற்று. அட்டை அங்கே தொங்கியது. இருபத்தாறு எழுத்து, எதிரே புள்ளியும் கோடும். ஆறு மாதமாக வெள்ளிக்கிழமைதோறும் அவள் அதைத் துணியால் துடைக்கிறாள். புள்ளிக்குக் குட்டை என்றும் கோட்டுக்கு நெட்டை என்றும் பெயர் வைத்திருந்தது புத்தகம். ஆனியிலும் ஆடியிலும் அவன் குளிக்கும்போதும் சவரம் செய்யும்போதும் வாய்விட்டுக் கத்தி மனப்பாடம் பண்ணினானே, ஏ குட்டை நெட்டை, பி நெட்டை குட்டை குட்டை குட்டை என்று. அவள் அப்போது எங்கே போயிருந்தாள்? எங்கேயும் போகவில்லை. எட்டடி தள்ளி, முறத்தில் அரிசி வைத்துக்கொண்டு கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அவள் விரல் முறத்து விளிம்பில் தட்டிக்கொண்டிருந்தது, விட்டு விட்டு, குட்டையாகவும் நெட்டையாகவும். பார்த்தான். பார்த்துவிட்டு, அரிசியில் இவ்வளவு கல்லா என்றுதான் கேட்டான். அவள் விரலை மடக்கிக்கொண்டு ஆமாங்க என்றாள். புத்தகத்தில் மூன்றாம் பக்கமோ நாலாம் பக்கமோ, 'இருவர் சேர்ந்து பழகுவது உத்தமம், வீட்டில் யாரையேனும் துணைக்கு வைத்துக்கொள்க, ஒருவர் அடிக்க மற்றவர் காதால் வாங்கட்டும்' என்று போட்டிருந்தது. அதைப் படித்து அவன் சிரித்தான். இந்த வீட்டில் யாரை வைத்துக்கொள்வது என்று சத்தமாகக் கேட்டுச் சிரித்தான், அதுவும் அவள் சாப்பாடு பரிமாறும்போது. அதனால்தான் இன்றுவரை அவனுக்கு அடிக்க வருகிறது, வாங்க வரவில்லை. தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு அடித்துப் பழகியவனுக்குக் காது எப்படித் திறக்கும்? பரீட்சையில் பாதி மார்க்கு, காதால் வாங்குவதற்குத்தான். அந்தப் பாதியை நினைத்து மார்கழி முழுக்கத் தூக்கம் கெட்டுக்கொண்டிருந்தான். இப்போது அது ஒரு பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

சோதித்துப் பார்த்துவிடலாம். ஒரே ஒரு வரி. தையல்நாயகிக்குப் பல்லி என்றால் உயிர் போய்விடும், கல்யாணமான புதிதில் பல்லியைப் பார்த்துப் பக்கத்துப் போர்ஷன்வரை ஓடியவள். 'உன் தோளில் பல்லி' என்று தட்டினால், தெரிந்தவளானால் அலறுவாள், பாத்திரம் விழும். தெரியாதவளானால் ஸ்டவ் மட்டும் இரையும். விரலை வைத்தான். விரல் வேர்த்திருந்தது. எழுத்து எழுத்தாக, பிசகில்லாமல், இதுவரைக்கும் தட்டாத சுத்தத்தோடு தட்டினான். தட்டிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டான். ஸ்டவ் இரைந்தது. வேறு ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் இரைந்தது. ஒன்றும் இல்லை! தெய்வமே, ஒன்றும் இல்லை என்று பாக்கை ஒரு கடி கடித்தான். கடித்த சத்தம் அடங்குவதற்குள், "பல்லியுமில்ல ஒண்ணுமில்ல, பால் பொங்கற நேரம், சும்மா இருங்க" என்று அவள் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. உப்பு குறைந்திருக்கிறதா என்று கேட்கிற குரலில் சொன்னாள். தணிகாசலத்துக்கு, நடுத்தெருவில் வேட்டி அவிழ்ந்து விழுந்தமாதிரி இருந்தது. வேட்டியானால் குனிந்து எடுத்துக் கட்டிக்கொள்ளலாம்.

என்னென்ன தட்டினோம் என்று யோசிக்கக் கூடாது என்று நினைத்தான், நினைக்கும்போதே வரிசையாக வந்து நின்றன. முதலில் அவன் யோக்கியமாகத்தான் ஆரம்பித்தான். புத்தகத்தில் பன்னிரண்டு பயிற்சி, 'வண்டி தாமதம்', 'நாளை புறப்படுகிறேன்', இப்படி. அவை அலுத்தபோது ஒரு நாள் ஆபீஸில் முதலாளியிடம் வாங்கிய வசவு நெஞ்சில் எரிய, முதலாளியை வாய்க்கு வந்தபடி தட்டினான். ஆகா, என்ன சுகம்! பஸ்ஸர் என்னவோ கத்துகிறது, உலகத்துக்கு அது வெறும் சத்தம், அவனுக்கோ நினைத்ததை நினைத்தபடியே சொல்லியாயிற்று. பிறந்து இருபத்தொன்பது வருஷத்தில் அப்படி ஓர் இடம் அவனுக்குக் கிடைத்ததில்லை. முதலாளி தீர்ந்தபின் பக்கத்துப் போர்ஷன்காரர். அவர் தீர்ந்தபின், வேறு யார் இருக்கிறார்கள், எட்டடி தள்ளி இருக்கிறவள்தான். ஆவணியில் அவள் தலைக்குத் தடவுகிற வேப்பெண்ணெய் நாற்றம் தாங்கவில்லை, பக்கத்தில் படுக்க முடியவில்லை என்று தட்டினான். அடுத்த வாரம் தேங்காயெண்ணெய். கத்தரிக்காய்க் கூட்டை மாடு தின்னுமா என்று தட்டினான். கத்தரிக்காய் அப்புறம் வீட்டுக்குள் வரவேயில்லை. இந்த லட்சணத்தில் ஆபீஸில் குப்புராஜிடம் பெருமை வேறு, 'எம் பொண்டாட்டி இருக்காளே, நா மனசுல நெனச்சா போதும்பா, செஞ்சிடுவா' என்று. குப்புராஜ் பொறாமையோடு பார்த்தான். ஐயோ. புரட்டாசியில் அவள் வாசலில் நின்று பக்கத்து வீட்டுப் பெண்களோடு பேசிச் சிரித்தாள், அன்று அவனுக்கு எழுத்து ஓடவில்லை, இது சிரிப்பா அலுமினியத் தட்டு கீழே விழுந்த சத்தமா என்று தட்டினான், இரண்டு தரம் தட்டினான், அலுமினியத்தில் ஓர் எழுத்து பிசகியதால். அதற்கப்புறம் அவள் சிரித்தாளா? யோசித்தான். தீபாவளி அன்று? இல்லை. அவள் தங்கை வந்திருந்தபோது? கையால் வாயை மூடிக்கொண்டாள். அதைப் பார்த்து, பெண்பிள்ளைக்கு அடக்கம் வந்துவிட்டது என்று இவன் சந்தோஷப்பட்டான். ஒரு சிரிப்பு வீட்டில் நின்றுபோய் மூன்று மாதமாகியிருக்கிறது, இவனுக்குத் தெரியவில்லை. வெட்கமாயிருந்தது. காது மடல் சுட்டது. பாட்டரியைக் கழற்றி எறியலாமா என்று பார்த்தான், கழற்றினால் போனதெல்லாம் திரும்பி வந்துவிடுமா என்ன.

சிரிப்பு புரட்டாசியில். எண்ணெய் ஆவணியில். அப்படியானால் ஐப்பசியில் அவளுக்கு எல்லாம் தெரியும். இந்தக் கணக்கைத்தான் அவன் இவ்வளவு நேரமாகப் போடாமல், எண்ணெயையும் கத்தரிக்காயையும் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தான். ஐப்பசி வேண்டாம். எண்ணெயை அவள் வேறு எதற்காவது மாற்றியிருக்கலாம், விலை ஏறியிருக்கலாம், தலைவலி என்று டாக்டரம்மா சொல்லியிருக்கலாம். டாக்டரம்மா என்றதும் மறுபடி ஐப்பசிக்கே வந்து நின்றது. மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். ஐப்பசி அடைமழையில் ஒரு விடியற்காலை குதிரை வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான், மறுநாள் மத்தியானம் வெறுமனே கூட்டிவந்தான். வந்ததும் பாயைப் போட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவன் இங்கே, இதே நாற்காலியில், என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்து பயிற்சியை ஆரம்பித்தான். பன்னிரண்டாம் பயிற்சி வந்தது. 'ஆண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம்.' புத்தகத்தில் இருந்தது, தட்டினான், அவ்வளவுதான், அதில் அவன் ஒன்றும் நினைக்கவில்லை. சேய் என்பதில் தடுமாறி மறுபடியும் தட்டினான். அப்போதுதான் பாயிலிருந்து அவள், திரும்பாமலே, "இன்னைக்கு ஒரு நாளு அந்தச் சத்தம் வேணாமே" என்றாள். ஆறு மாதத்தில் அவள் அப்படிக் கேட்டது அந்த ஒரே தடவைதான். "பரீட்சை எனக்கா ஒனக்கா?" என்று கேட்டான் இவன். கேட்டுவிட்டு, தலையணைக்குள் அவள் முகம் புதைவதைப் பார்த்து ஆத்திரம் வந்து, அந்த ஆத்திரத்துக்கு அடியில் வேறு என்னவோ இருந்து, அதையும் தட்டினான். 'போனது நல்லதுதான். முதலில் வேலை.' தட்டினான். சும்மா கைக்கு வந்ததைத் தட்டினேன் என்று இப்போது சொல்லிக்கொள்ளப் பார்த்தான், அது பொய். அந்தச் சமயத்தில் அவன் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தான். ஒரு பாரம் இறங்கினமாதிரி, பரீட்சைவரைக்கும் தொந்தரவில்லை என்று, நல்லதுதான் என்று நினைத்தான். அவள் தோள் ஒரு தரம் குலுங்கி நின்றது. குளிர் என்று எடுத்துக்கொண்டு, நல்ல புருஷனாகப் போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டு வந்தான்.

இரண்டு மாதமாக அவள் இதே கையால் சோறு போடுகிறாள். சட்டைக்குப் பொத்தான் தைக்கிறாள். ஆபீஸுக்குப் போகும்போது வாசல்வரை வருகிறாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம், நீ எப்படி என் மனசை ஒட்டுக் கேட்கலாம் என்று இவன் கத்தியிருக்கலாம். கத்தினால் எவ்வளவு சௌகரியம்! இப்போது எழுந்து உள்ளே போய் ஏதாவது சொல்ல வேண்டும். என்ன சொல்வது? இரண்டு வருஷத்தில் இந்த வாயால் அவளிடம் என்ன சொல்லியிருக்கிறான், காப்பி, சட்டை எங்கே, கதவைத் தாழ் போடு. இதையெல்லாம் சொல்லிப் பழகிய வாயில் இந்த விஷயம் எப்படி வரும்? பாக்குதான் இருந்தது வாயில். மேஜைமேல் புத்தகம் திறந்து கிடந்தது. பக்கத்தைப் புரட்டாமலே அவனுக்கு அந்த இடம் மனப்பாடம். 'தவறாக அடித்துவிட்டால் கலங்க வேண்டாம். எட்டுக் குட்டைகளை இடைவெளியின்றி அடிக்கவும். இதற்கு அழிப்புக் குறி என்று பெயர். இதைக் கேட்டதும் வாங்குபவர் தாம் எழுதிய கடைசி வார்த்தையை அடித்துவிட்டு, சரியான வார்த்தைக்காகக் காத்திருப்பார்.' கடைசி வார்த்தையைத்தான் அழிக்கும். இரண்டு மாதத்துக்கு முந்தைய வார்த்தை அதற்கு எட்டாது. எட்ட வேண்டுமானால் அந்த வார்த்தையைக் கடைசி வார்த்தையாக்க வேண்டும். அதாவது, இன்னொரு தரம் அதை அடிக்க வேண்டும், அதே காதுக்கு, இந்தத் தடவை கேட்கிறாள் என்று தெரிந்தே. கூடாது என்று பட்டது. அதைவிட்டால் வேறு வழி தெரியவில்லை என்றும் பட்டது. புத்தகக்காரன் இதற்கெல்லாம் ஒன்றும் எழுதி வைக்கவில்லை.

விரலை வைத்தான். 'போனது' என்று தட்டினான். அந்த வார்த்தை கூடத்தில் கத்திவிட்டு நின்றது. உள்ளே ஸ்டவ் இரைச்சல் நின்றது. பால் பொங்கி எடுத்தாயிற்றா, இல்லை இதைக் கேட்கத்தான் அணைத்தாளா, தெரியவில்லை. ஸ்டவ் நின்றதும் வீடே காதாகிவிட்டது. பாதியில் விட்டுவிடலாம் என்று கை பின்வாங்கியது. விட்டால் 'போனது' மட்டும் நிற்கும். 'நல்லதுதான்' என்று தட்டினான், ஒவ்வொரு எழுத்தாக, நெட்டையெல்லாம் முடிவேயில்லாமல் நீண்டது. பிறகு அழிப்புக் குறி. குட்டை, குட்டை, குட்டை, கண்ணில் தண்ணீர் கட்டி கீ இரண்டாகத் தெரிந்தது, எண்ணிக்கொண்டே அடித்தவன் நடுவில் எங்கோ எண்ணிக்கையை விட்டுவிட்டான். நிறுத்தினான். சரியான வார்த்தை இனிமேல்தான் வர வேண்டும், அது என்ன வார்த்தை என்று அவனுக்குத் தெரியவில்லை. உள்ளே டம்ளர் சத்தம்கூட இல்லை. முதன்முதலாக அவன் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஏழுதான் வந்துது" என்றாள் அவள்.

அவன் அவசர அவசரமாக, விட்டுப்போன ஒன்றைத் தட்டினான்.

"விட்டத மட்டும் போட்டா ஆவுமா?" அவள் குரல் சமையற்கட்டு நிலைப்படிக்கு வந்திருந்தது. கொஞ்சம் கரகரத்திருந்தது. "மொதல்லேருந்து அடிங்க."

மொதல்லேருந்து என்றால் எட்டின் முதலிலிருந்தா, அந்த வார்த்தையின் முதலிலிருந்தா என்று கேட்க வேண்டும்போலிருந்தது. திரும்பிப் பார்க்கும் தைரியம் இல்லை. தணிகாசலம் பாக்கை ஜன்னல் வழியாக வெளியே துப்பினான், வேட்டித் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டான், 'போனது' என்று மறுபடியும் தட்ட ஆரம்பித்தான்.